சம்பளம் கூடிய வருடம் வந்த டாக்ஸ் கிரெடிட் கடிதம்

போன கிழமை என் மச்சாள் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். பழைய டாக்ஸ் கிரெடிட் கடனாம், அதாவது இங்கிலாந்தில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தந்த உதவிக் காசில் கூடுதலாக வாங்கியது. இனி, அதற்குப் பதிலாக வந்த யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவிக் காசில் மாதாமாதம் கழிக்கப் போகிறார்களாம். “டாக்ஸ் கிரெடிட்தான் முடிஞ்சுபோச்சே மச்சாள், பிறகென்ன கடன்?” என்று கேட்டாள். 2003 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு மூடப்பட்டது உண்மைதான். அந்தக் காலத்தில் கூடுதலாக வாங்கிய காசுக்கான கணக்கு மட்டும் இன்னும் மூடவில்லை. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் 2018இல் எங்களுக்கு நடந்தது எல்லாம் திரும்பி வந்தது. இன்னும் யாருக்காவது இப்படிக் கடிதம் வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

2016–17 வரி ஆண்டில் எங்கள் வீட்டில் ஒரே சம்பளம். கணவர் பெட்ரோல் நிலையத்தில் வேலை, வருடத்துக்கு 14,200 பவுண்ட். நான் இரண்டு பிள்ளைகளோடு வீட்டில். வேலை செய்பவர்களுக்கான வொர்க்கிங் டாக்ஸ் கிரெடிட்டும் பிள்ளைகளுக்கான சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டும் சேர்த்து அடுத்த ஆண்டுக்கு 7,700 பவுண்ட் அளவில் கிடைத்தது. கிழமைக்கு ஏறக்குறைய 148. லண்டன் வாடகையில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2017 செப்டம்பரில் கணவர் ஒரு பண்டகசாலையில் இரவு வேலைக்கு மாறினார். மணிக்குக் கொஞ்சம் கூடின சம்பளம். ஒக்டோபரில் நானும் கிழமைக்கு 16 மணி நேர வேலை ஒன்றில் சேர்ந்தேன். மனதுக்குச் சந்தோசமான காலம் அது. சின்னவளை நேர்சரியில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடும்போதுகூடக் களைப்புத் தெரியவில்லை.

இதை டாக்ஸ் கிரெடிட்டுக்குச் சொல்ல வேண்டாமா என்று, எங்கள் பகுதியில் காசுக்குப் படிவம் நிரப்பித் தரும் ஒருவரிடம் கேட்டேன். “தங்கச்சி, வருமானம் கூடினா வருச முடிவில சொன்னாக் காணும். 2,500 வரைக்கும் அவை பார்க்க மாட்டினம்” என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வருமானம் கூடியதை ஆண்டின் நடுவில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. 2,500 பவுண்ட் வரையான ஏற்றத்தை அப்போது கணக்கில் எடுக்கவில்லை என்பதும் சரி. ஆனால் அதைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களைச் சுட்டது அந்தச் சொல்லாத பாதிதான்.

அந்தப் பாதி இதுதான். டாக்ஸ் கிரெடிட் இருந்த காலத்தில் புருசன் பெண்சாதி இருவரின் வருமானத்தையும் சேர்த்து, ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, ஒரே தொகையாகப் பார்ப்பார்கள். ஆண்டு தொடங்கும்போது போன ஆண்டு வருமானத்தை வைத்துக் காசு தருவார்கள். ஆண்டு முடிந்த பிறகு உண்மையான வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். ஏற்றம் 2,500ஐத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் 41 பென்ஸ் நீங்கள் கூடுதலாக வாங்கியதாகிவிடும். முன்பு இவ்வளவு இறுக்கம் இருக்கவில்லை. 2006இல் அந்த 2,500 சலுகையை 25,000 பவுண்ட் வரை உயர்த்தியிருந்தார்கள். 2011இல் 10,000, 2013இல் 5,000, 2016இல் 2,500 என்று இறங்கிவிட்டது. “எங்களுக்கு ஒண்டும் வெட்டேல்லையே” என்று பழைய ஆட்கள் சொன்னது அவர்களுடைய காலத்துக் கதை.

2018 யூனில் புதுப்பிக்கும் படிவம் வந்தது. யூலை 31க்குள் அனுப்ப வேண்டும். அதே ஆளிடம் பி60 (ஆண்டு முடிவில் வேலையிடம் தரும் சம்பளச் சான்று), பி45 (வேலையை விடும்போது தரும் சான்று) எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிரப்பித் தந்தார். நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். வாசித்துப் பார்க்காமல் போட்ட அந்தக் கையெழுத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரியும்.

ஓகஸ்டில் முடிவுக் கடிதம் வந்தது. 2017–18இல் எங்களுக்குக் கூடுதலாகத் தந்தது 4,141 பவுண்ட். கணவர் இரவு வேலை முடிந்து காலையில் வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் அதை வாசித்தார். “இவ்வளவு நாங்கள் உழைக்கவே இல்லையே” என்று மட்டும் சொன்னார்.

முதலில் நான் செய்தது வீண் வேலை. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, சின்னவளைத் தள்ளுவண்டியில் வைத்து, இரண்டு பஸ் மாறி ஒரு பெனிபிட் அலுவலகத்துக்குப் போனேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அங்கே இருந்தவர் கடிதத்தின் தலைப்பை மட்டும் பார்த்தார். “இது எங்களுடையது இல்லை” என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். யாரிடம் போவது என்று கேட்டதற்கும் பதில் இல்லை. பிறகுதான் தெரிந்தது, டாக்ஸ் கிரெடிட்டைக் கவனிப்பது வரித்துறை, அவர்களுடைய நேரடி விசாரணை நிலையங்கள் 2014இலேயே மூடப்பட்டுவிட்டன என்று. போன் அல்லது தபால், அவ்வளவுதான். பழைய டாக்ஸ் கிரெடிட் தொகை பிழை என்றால் இன்றைக்கும் அதே வரித்துறையைத்தான் கேட்க வேண்டும், யூனிவர்சல் கிரெடிட்காரரை அல்ல. என்னைப் போலப் பஸ் ஏறாதீர்கள்.

அடுத்த சிக்கல், பி60 என்னிடம் இல்லை. படிவக்காரர் மூலப் பிரதிகளைத் தானே வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை போனேன், கடை பூட்டியிருந்தது. போன் எடுக்கவில்லை. கணவரின் வேலையிடத்தில் கேட்டால், “ஒரு முறைதான் தருவோம்” என்று இழுத்தடித்தார்கள். மூன்றாம் முறை எழுத்தில் கேட்டபிறகுதான் பிரதி ஒன்று தபாலில் வந்தது. கடிதத் திகதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். பிரதி வந்தது இருபத்திரண்டாம் நாள்.

அன்று இரவு பிள்ளைகள் படுத்தபிறகு, குசினி மேசையில் அதை விரித்து வைத்தேன். பி60இல் சம்பளத்துக்கு மூன்று வரிகள் இருக்கும். முதல் வரி, அந்த ஆண்டில் முந்தைய வேலையில் வாங்கியது: 6,200. இரண்டாவது, இந்த வேலையில் வாங்கியது: 11,300. மூன்றாவது, ஆண்டின் மொத்தம்: 17,500. பக்கத்தில் பழைய வேலையின் பி45. அதிலும் அதே 6,200. முடிவுக் கடிதத்தில் கணவரின் வருமானம் என்று போட்டிருந்தது 23,700.

பென்சிலால் ஒரு முறை கூட்டினேன். பிறகு இன்னொரு முறை. 17,500உம் 6,200உம் சேர்ந்தால் 23,700. பழைய வேலைச் சம்பளம் ஏற்கனவே மொத்தத்துக்குள் இருக்கிறது. படிவக்காரர் பி45ஐப் பார்த்து அதைத் திரும்பவும் மேலே போட்டிருக்கிறார். அந்த ஒரு கூட்டலின் விலை 2,542 பவுண்ட். வேலையில் இருந்த கணவருக்குப் போன் அடித்துச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கே உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். நல்ல மனுசி. “நடு வரியில் என்ன இருக்கிறது, வாசியுங்கள்” என்று பொறுமையாகக் கேட்டார். மறுபரிசீலனையை அங்கேயே பதிந்துகொண்டு, பிரதிகளைத் தபாலில் அனுப்பச் சொன்னார். அவர் பெயர், நேரம், சொன்ன விசயம் எல்லாவற்றையும் கலண்டரில் குறித்து வைத்தேன். பிறகு அந்தக் குறிப்பு உதவியது. பிரதிகளை ஒப்பமிட்டு வாங்கும் தபாலில் அனுப்பினேன். மூலத்தை அனுப்பவில்லை. அந்தப் பாடத்தை ஏற்கனவே படித்துவிட்டேன்.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. தொகையே பிழை என்றால் கேட்க வேண்டியது மறுபரிசீலனை, அதற்கு முப்பது நாள். தொகை சரி, ஆனால் அவர்களுடைய தவறால்தான் கூடுதலாக வந்தது என்றால் அது வேறு வழி. அதற்கு டிசி846 என்ற படிவம், மூன்று மாதம் அவகாசம். இரண்டையும் மாற்றிப் போட்டால் நாட்கள் வீணாகப் போய்விடும்.

ஏழு கிழமை கழித்துப் புதுக் கடிதம் வந்தது. கணவரின் 17,500, என்னுடைய 3,100, மொத்தம் 20,600. ஏற்றம் 6,400. அதில் 2,500 போக 3,900. அதன் 41 வீதம் 1,599 பவுண்ட். நான் மேசையில் கணக்குப் பார்த்து வைத்திருந்த அதே எண். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த 1,599ஐக் கட்டத்தான் வேண்டியிருந்தது. அதில் எங்களுக்கு வழக்கு இல்லை. ஆனால் ஒக்டோபரிலேயே ஒரு போன் செய்து, இந்த வருடம் இவ்வளவு வரும் என்று மதிப்பீடு சொல்லியிருந்தால், கொடுப்பனவை அப்போதே குறைத்திருப்பார்கள், கடன் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. அந்த வருமானத்தில் எங்கள் வொர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் பகுதி முழுவதும் கரைந்து, பிள்ளைகளின் பகுதி மட்டும் மிஞ்சியது. கணவர் கிழமைக்கு 40 மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அது நின்றது. மணிக்கணக்கு சரியாக இருந்தாலும் வருமானம் ஏறினால் அது போய்விடும் என்று அப்போதுதான் விளங்கியது.

இதோடும் முடியவில்லை. அந்த 2,500 சலுகை ஏற்றம் நடந்த ஆண்டுக்கு மட்டும்தான். 2018–19க்கு முழு 20,600ஐயும் அடிப்படையாக எடுத்தார்கள். அந்த ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை பழைய வீதத்தில் வந்த காசிலும் கூடுதல் விழுந்தது. இந்த முறை நான் காத்திருக்கவில்லை. இருவரும் முழு ஆண்டு வேலை செய்தால் 25,500 அளவில் வரும் என்று உடனே சொன்னேன். காசு குறைந்தது, கடன் வளரவில்லை.

கழிக்கும் வேகத்தையும் சொல்ல வேண்டும். வீட்டு வருமானம் 20,000 பவுண்டைத் தாண்டினால், 2016 முதல் இருந்த விதிப்படி, வரும் கொடுப்பனவில் பாதிவரை பிடிக்கலாம். நாங்கள் 600 பவுண்டால் அந்தப் பக்கம் விழுந்தோம். வாடகை, பஸ், சாப்பாடு எல்லாவற்றையும் எழுதிக்காட்டிக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம், குறைத்தார்கள். கேட்காமல் இருந்தால் யாரும் தானாகக் குறைக்கப் போவதில்லை.

எங்கள் ஆட்கள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஊரில் அம்மா அப்பாவுக்கு அனுப்பிய காசு டாக்ஸ் கிரெடிட் வருமானத்தில் கழியவில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டு வாடகை வந்தால் அது வருமானமாகச் சேர்ந்தது. வட்டி, ஓய்வூதியம், வெளிநாட்டு வருமானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து முதல் 300 பவுண்டை மட்டும்தான் விட்டுவிட்டார்கள்.

மச்சாளின் கடிதம் 2016–17க்கானது. அந்த ஆண்டில்தான் அவளுடைய கணவரும் கடை மாறினார். நேற்று சூட்கேசைக் கிளறி அந்தப் பி60ஐக் கண்டுபிடித்துவிட்டாள். முதல் வரியில் ஒரு தொகை இருக்கிறது. முடிவுக் கடிதத்தில் எந்த எண்ணைப் போட்டார்கள் என்று பார்க்க, அதன் பிரதியைக் கேட்டு வரித்துறைக்கு எழுதியிருக்கிறோம். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர்கள் திருத்துவார்களோ தெரியாது. பதில் வந்ததும், பென்சிலோடு நானும் அவளோடு உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.