இரண்டு ஸ்கெடியோஸ், ஒரு பிலைமெனீஸ்

“அங்க ரெண்டு பேரை ஒருத்தராக்கினீங்க, இங்க ஒருத்தரை ரெண்டு பேராக்கறீங்க. எது சார் நம்ம கணக்கு?”

இப்படிக் கேட்டவர், நான் தொகுத்த கிரேக்கத் தொன்மப் பெயரகராதிக்கு ஆளுக்கு ஓர் அட்டையாகக் குறிப்பு எழுதித் தந்த உதவியாளர். “அது வேற, இது வேற” என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. அட்டைகளை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பெயரகராதி அச்சாகி வந்துவிட்டது. அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் சொன்ன அந்த நாலு வார்த்தைதான் இன்னும் என்னை விடவில்லை.

கிரேக்கத் தொன்மங்களில் ஜீயஸும் அதீனாவும் நமக்குச் சிரமம் தருவதில்லை. உதிரிப் பெயர்கள்தான் பாடாய்ப் படுத்தும். டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில் குரோமியோஸ் என்று டிராய் மன்னன் பிரியாமின் மகன் ஒருவன் இருக்கிறான், லிசியாக்காரன் ஒருவன் இருக்கிறான், கிரேக்கர் பக்கம் நெஸ்டரின் படையிலும் ஒருவன் இருக்கிறான். மெலானிப்போஸ் என்ற பெயரில் டிராய்க்காரர்கள் மூன்று பேர் சாகிறார்கள். இவர்களில் பலருக்குக் கதை என்று எதுவும் கிடையாது. பெயர், தகப்பன் பெயர், எந்த ஈட்டி எங்கே பாய்ந்தது, அவ்வளவுதான். நமக்கு இனிஷியல் செய்கிற வேலையை அங்கே தகப்பன் பெயர் செய்கிறது. சிலருக்கு அதுவும் இருக்காது.

அதனால் ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்தேன். ஒரு மனிதனுக்கு ஒரு சாவு. இரண்டு இடத்தில் இரண்டு பேர் கையால் செத்தால் அவர்கள் இரண்டு பேர். அட்ராஸ்டோஸ் என்ற பெயருக்கு அட்டை போட்டபோதுதான் இந்த விதி பிறந்தது. ஆறாம் காண்டத்தில் ஒருவன் அகமெம்னன் கையால் சாகிறான், பதினொன்றாம் காண்டத்தில் மெரோப்ஸின் மகனான ஒருவன் டயோமிடிஸ் கையால், பதினாறாம் காண்டத்தில் இன்னொருவன் பட்ரோக்ளஸ் கையால். மூன்று அட்டை. அந்த ஆறாம் காண்டத்து ஆளைப் பற்றி அவர் எழுதியிருந்த குறிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மிரண்டு ஓடிய குதிரைகள் ஒரு டாமரிஸ்க் புதரின் கிளையில் சிக்க, தேரின் ஏர்க்கால் முறிந்து, அவன் சக்கரத்தின் பக்கத்தில் குப்புற விழுகிறான். கிரேக்க மன்னன் மெனெலாவோஸின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உயிரோடு பிடித்துப் போ, அப்பா நிறைய மீட்புப் பொருள் தருவார் என்று கெஞ்சுகிறான். மெனெலாவோஸ் மனம் இளகும் நேரத்தில் அண்ணன் அகமெம்னன் ஓடி வந்து, தாய் வயிற்றில் இருக்கும் ஆண் பிள்ளைகூடத் தப்பக்கூடாது என்கிறான். நான்கு வரிக்குள் இத்தனையையும் அடக்கியிருந்தார். “இவனை மத்த ரெண்டு பேரோட சேர்த்துட்டா இந்தக் கெஞ்சல் காணாமப் போயிடும் சார்” என்றார். சரி என்றேன். விதியும் அதையேதான் சொன்னது.

அப்புறம் ஸ்கெடியோஸ் வந்தான்.

இஃபிதோஸின் மகன் ஸ்கெடியோஸ், சகோதரன் எபிஸ்ட்ரோஃபோஸுடன் கிரேக்கர் பக்கம் ஃபோகிஸ் நாட்டுப் படைக்குத் தலைவன். கப்பல்கள் 40. டிராய் இளவரசன் ஹெக்டர் கிரேக்க வீரன் பெரிய அயாக்ஸைக் குறிவைத்து எறிந்த ஈட்டி, அயாக்ஸ் விலகிக்கொண்டதால் இவன் காறை எலும்புக்குக் கீழே பாய்கிறது. இது பதினேழாம் காண்டத்தில். ஆனால் பதினைந்திலேயே ஹெக்டர் ஒரு ஸ்கெடியோஸைக் கொன்றுவிட்டிருக்கிறான். அவனும் ஃபோகிஸ் தலைவன், ஆனால் பெரிமேடஸின் மகன். அவனுக்குக் கிடைத்தது ஒன்றரை வரி.

அவர் இரண்டு அட்டை போட்டிருந்தார். நான் ஒன்றாக்கினேன். ஒரே நாடு, ஒரே பதவி, கொன்றவனும் ஒருவனே. பாடும்போது தகப்பன் பெயர் மாறி விழுந்திருக்கும், ஆள் ஒருவன்தான் என்று முடிவு செய்தேன். இப்போதும் அது மடத்தனமான முடிவு என்று நினைக்கவில்லை. வாய்மொழியாக வளர்ந்த பாட்டில் இப்படி நடப்பதற்கு நிறைய இடமுண்டு. ஆனால் அன்று அந்தப் பக்கத்தில் மூன்று வரி மிகுந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பக்க வடிவமைப்பாளர் காலையிலிருந்து இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். மூன்று வரி மிகாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த யோசனை வந்திருக்குமா? நேர்மையாகச் சொன்னால், தெரியவில்லை. பெரிமேடஸ் என்ற பெயர் அந்தப் பதிவிலிருந்து போய்விட்டது. அந்த மகனுக்கென்று இருந்த ஒரே சொத்து அது.

பிலைமெனீஸ் விஷயம் அடுத்த வாரம் வந்தது. டிராய்க்குத் துணையாக வந்த பாஃப்லகோனியர்களின் தலைவனான இவனை மெனெலாவோஸ் ஐந்தாம் காண்டத்தில் குத்திக் கொல்கிறான். பதின்மூன்றாம் காண்டத்தில் பிலைமெனீஸ் மன்னனின் மகன் ஹார்பாலியன் கிரேக்க வீரன் மெரியோனிஸின் அம்பில் சாகிறான். உடலைத் தேரில் ஏற்றி டிராய்க்குக் கொண்டுபோகிறார்கள். கூடவே கண்ணீர் விட்டபடி தகப்பன் நடக்கிறான். மகன் சாவுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. எட்டுக் காண்டத்துக்கு முன்பே செத்த தகப்பன்.

இதில் தடுமாறியது நாங்கள் மட்டும் இல்லை. அலெக்சாந்திரியாவில் ஹோமரைப் பதிப்பித்த பழைய அறிஞர் செனோடோடஸ் ஒரு பிலைமெனீஸைக் கிலைமெனீஸ் ஆக்கிப் பார்த்தார். வேறு சிலர் ஒரே ஒரு எதிர்மறைச் சொல்லைச் சேர்த்து, தகப்பன் கூடப் போகவில்லை என்று படித்தார்கள். பெயர்தான் ஒன்று, ஆட்கள் இருவர் என்றவர்களும் உண்டு. நான் அந்தக் கடைசிக் கட்சி. விதி அப்படித்தானே சொல்கிறது? அது அந்த நாட்டு அரச குடும்பத்தில் வழங்கிய பெயரும்கூட. பிற்காலத்தில் பித்தினியா நாட்டு மன்னன் நிக்கோமெடிஸ் தன் மகனைப் பாஃப்லகோனியாவின் அரியணையில் உட்காரவைக்க அவன் பெயரையே பிலைமெனீஸ் என்று மாற்றினான். ஒரு பிலைமெனீஸ் செத்தால் இன்னொரு பிலைமெனீஸ் இருப்பதில் என்ன வியப்பு? ஆக, பிலைமெனீஸ் 1, பிலைமெனீஸ் 2.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “பாடினவர் மறந்துட்டார் சார். மறந்ததை மறந்ததாவே எழுதுவோம். மகனுக்காக அழற அப்பா யாருன்னு ஒருத்தர் தேடி வந்தா, ரெண்டுன்னு நம்பர் போட்டு ஒரு ஆளைக் காட்டறோம். அந்த ஆளை நாமதானே உண்டாக்கினோம்?” பிறகுதான் அந்தக் கணக்குக் கேள்வி.

அன்று என்ன சொல்லியிருக்கலாம் என்று பலவிதமாக யோசித்திருக்கிறேன். ஸ்கெடியோஸில் தகப்பன் பெயர் மாறுகிறது, இங்கே செத்தவன் நடக்கிறான், இரண்டு சிக்கலும் வேறு வேறு என்று விளக்கியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் விதியை ஓரிடத்தில் மீறி இன்னோரிடத்தில் பிடித்துக்கொண்டேன் என்பதும் உண்மை. இரண்டு இடத்திலும் எனக்கு வேண்டியிருந்தது பிழை இல்லாத ஹோமர். தகப்பன் பெயர் இரண்டாக இருந்தபோது ஒன்றை எடுத்துவிட்டேன். செத்தவன் நடந்தபோது இன்னொருவனைச் சேர்த்துவிட்டேன். அவரோ இருப்பதை இருக்கிறபடி வைக்கச் சொன்னார்.

ஆனால் அவரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பிலைமெனீஸில் பாடினவர் மறந்தார் என்றால், ஸ்கெடியோஸிலும் மறந்திருக்கலாமே? அங்கே மட்டும் ஏன் இரண்டு அட்டை? அன்றே கேட்டிருந்தால் அவரும் யோசித்திருப்பார், இருவரும் உட்கார்ந்து பேசியிருப்போம். பதவியில் பெரியவன் என்பதால் கேட்காமலேயே முடித்துவிட்டேன்.

இரண்டாம் பதிப்புக்கான திருத்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. பெரிமேடஸின் மகன் ஸ்கெடியோஸைத் தனிப் பதிவாக எழுதிவிட்டேன், இரண்டு வரி. பிலைமெனீஸுக்கு எதை எழுதினாலும் முதலில் ஹார்பாலியன் பதிவைத் திருத்த வேண்டும். அதில் ‘தந்தை: பிலைமெனீஸ்’ என்பதற்குப் பக்கத்தில் 2 என்று அச்சாகியிருக்கிறது. பென்சிலால் அடித்தேன். அடித்ததை அழித்தேன். தாள் திங்கட்கிழமை போயாக வேண்டும்.