கேரண்டுக்கு எந்தப் பவுடர்?

டாலஸில் இருக்கும் நண்பர் ஒருவர் சமீபத்தில் எம்1 கேரண்ட் வாங்கினார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் காலாட்படை கையில் இருந்த அதே ரைபிள். துப்பாக்கி வந்த கையோடு கடைக்குப் போய்விட்டு அங்கிருந்தே கூப்பிட்டார். "அண்ணே, சுட்ட கூட்டுலயே மறுபடி மருந்தும் குண்டும் வெச்சு, தோட்டாவை நானே ரீலோட் பண்ணிக்கலாம்னு இருக்கேன். இங்க ஒரு அலமாரி முழுக்கப் பவுடர் டப்பா நிக்குது. எதை எடுக்கறது?" அன்று போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். இதே கேள்வியை இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள், பதில் ஒரு வரியில் அடங்குவதில்லை.

பவுடர் என்பது தோட்டாவுக்குள் எரிந்து குண்டைத் தள்ளும் மருந்து. இன்றைய புகையில்லா மருந்து எல்லாவற்றுக்கும் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். திறந்த வெளியில் பற்ற வைத்தால் புஸ்ஸென்று எரிந்து முடிந்துவிடும். தோட்டாவின் மூடிய பித்தளைக் கூட்டுக்குள் கதையே வேறு. அழுத்தம் ஏற ஏற அது வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். அந்தப் பாய்ச்சலைக் கட்டுப்படுத்தத்தான் ஒவ்வொரு மருந்துக்கும் துகளின் அளவு, வடிவம், மேல்பூச்சு என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். கைத்துப்பாக்கி மருந்து சட்டென்று எரிந்து தீரும். ரைபிள் மருந்து குண்டு குழலில் ஓடும்போதும் கூடவே எரிந்து தள்ளிக்கொண்டு போகும். கைத்துப்பாக்கி மருந்தை ரைபிள் கூட்டில் நிறைத்தால் துப்பாக்கி சிதறும், சுடுபவரின் முகமும் கையும் போகும். அலமாரி முன்னால் நிற்கும் புதியவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்.

கூடு பெரிதாகவும் குழல் குறுகலாகவும் இருந்தால் மெதுவான மருந்து பொருந்தும். குண்டு கனமாக ஆக இன்னும் மெதுவானது. அந்தக் கணக்கில் கேரண்ட் சுடும் .30-06 தோட்டா ரொம்பத் தாராளமானது. 4064, 4895, வார்கெட், 4350, 4831 என்று டப்பாவில் பெயர் போட்ட மருந்துகள் வரிசையாக எல்லாமே அதில் வேலை செய்யும். கடைசி இரண்டும் மெதுவானவை. கையால் போல்ட்டை (தோட்டாவின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்) இழுத்துச் சுடும் வேட்டை ரைபிளில் 165, 180 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறிய எடை அளவு) குண்டுக்கு 4350 போட்டுப் பலர் சந்தோஷமாக இருக்கிறார்கள். நண்பர் கையில் இருந்த டப்பாவும் 4350தான். கடைக்காரர் ".30-06தானே, இதைவிட நல்லது இல்லை" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். தோட்டாவை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எந்தத் துப்பாக்கி என்பது.

கேரண்டின் குழல் 24 அங்குலம். அதன் முனைக்குக் கொஞ்சம் முன்னால் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும், பின்னால் வரும் வாயுவில் ஒரு பகுதி துளை வழியாக இறங்கி ஆபரேட்டிங் ராடின் தலையைப் பின்னுக்குத் தள்ளும். அந்த நீளமான, வளைவுகள் கொண்ட இரும்புத் தண்டுதான் போல்ட்டைத் திறந்து, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவுக்கு வழிவிடுகிறது. குண்டு அந்தத் துளையைக் கடக்கும் நேரத்தில் வாயுவுக்கு எவ்வளவு அழுத்தம் மிச்சமிருக்கிறது என்பதில்தான் இந்தத் துப்பாக்கியின் ஆரோக்கியம் இருக்கிறது. மெதுவான மருந்தில், தோட்டா உட்காரும் அறைக்குள் எழும் உச்ச அழுத்தம் கட்டுக்குள்தான் இருக்கும். .30-06க்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் வரம்பான 60,000 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தாண்டாது. ஆனாலும் குழல் முனை வரை அது எரிந்துகொண்டே வருவதால், துளையருகே அழுத்தம் அளவுக்கு மீறி நிற்கும். தண்டு அடிவாங்கிப் பின்னால் பாயும். நாளடைவில் வளையும். 4350, 4831 எல்லாம் கேரண்டில் தவறாகப் போவது இதனால்தான். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் பார்த்தால் தட்டையாகியிருக்காது, கூடும் நன்றாகவே இருக்கும். வழக்கமாக நாம் தேடும் எச்சரிக்கை எதுவும் தெரியாது. இதே காரணத்துக்காகத்தான் கடையில் விற்கும் சாதாரண .30-06 வேட்டைத் தோட்டாக்களையும் இதில் போடத் தயங்குவோம். வாயுவின் அளவைச் சரிசெய்யும் கேஸ் பிளக் (gas plug) விற்கிறார்கள், அதை மாட்டினால் எல்லை கொஞ்சம் விரியும். என்னைக் கேட்டால், துப்பாக்கியை அதன் இயல்பிலேயே விட்டுவிட்டு மருந்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் மரியாதை.

சரி, அப்போது எது? 4895. கூடவே 4064.

இதற்கு வரலாறே சாட்சி. போர்க்காலத்தில் இந்தத் துப்பாக்கிக்கென்று ராணுவம் போட்ட, சாதாரணக் குண்டு வைத்த எம்2 பால் (ball) தோட்டாவில் இருந்தது ஐஎம்ஆர் என்ற பெயரில் வந்த 4895. சுமார் 150 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 2,700 அடியை ஒட்டிய வேகம். துப்பாக்கியும் மருந்தும் அந்த அளவில் ஒன்றுக்கொன்று பழகியவை. போர் முடிந்ததும் அந்த மருந்து மலைமலையாக மிஞ்சியது. கன்சாஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அதை மலிவாக வாங்கி, ரயில் பெட்டி ஒன்றில் வைத்து, வீட்டில் தோட்டா போடுபவர்களுக்கு விற்றார். இன்று பாதி அலமாரியை நிரப்பி நிற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனம் அப்படி வளர்ந்ததுதான். அந்த உபரி தீர்ந்த பிறகு அதே எண்ணில் புதிதாகத் தயாரித்து விற்றார்கள். அதுதான் ஹெச்4895. இப்போது அது ஆஸ்திரேலியாவின் முல்வாலாவிலிருந்து வருகிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். ஹெச்4895 வேறு, ஐஎம்ஆர் 4895 வேறு. எண் ஒன்று, மருந்து இரண்டு. ஹெச்4831, ஐஎம்ஆர் 4831 ஜோடியில் வித்தியாசம் இன்னும் அதிகம், ஐஎம்ஆர் கூடுதல் வேகம். ஒன்றுக்கான அளவை இன்னொன்றுக்குப் போடுவது ஆபத்து. 2003-ல் ஐஎம்ஆர் பிராண்டையும் ஹாட்ஜ்டனே வாங்கிவிட்டதால், இரண்டு டப்பாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. டப்பாவில் உள்ள முழுப் பெயரையும், முன்னெழுத்து உட்பட, கையேட்டில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு துகளையும் கொட்டாதீர்கள்.

நான் ஹெச்4895 பக்கம். காரணம் வெயில். இங்கே டெக்சாஸ் சான் அன்டோனியோவில் ஆகஸ்டு மாதம் 38 டிகிரியெல்லாம் சாதாரணம், காருக்குள் வைத்த தோட்டாப் பெட்டியைத் தொட முடியாது. மருந்து சூடானால் அழுத்தம் கூடும். குளிர்காலத்தில் பார்த்துப் பார்த்துப் போட்ட அளவு கோடையில் வேறு முகம் காட்டும். ஹெச்4895 இந்த வெப்ப மாறுதலுக்கு அதிகம் அசையாதபடி செய்யப்பட்டது. அதோடு துகள்கள் குட்டையாக வெட்டப்பட்டவை. 4064-ன் நீளமான குச்சிகள் அளவைக் கருவியில் மாட்டிக்கொண்டு நறுக் நறுக்கென்று வெட்டுப்படும், ஒவ்வொரு தடவையும் எடை கொஞ்சம் மாறும். துல்லியத்தில் 4064-ஐ விட்டுக்கொடுக்காதவர்கள் ஒவ்வொரு அளவையும் தராசில் நிறுத்திப் போடுகிறார்கள். பொறுமை உள்ளவர்களுக்கு அதுவும் நல்ல வழிதான்.

உருண்டைத் துகள்களாக வரும் மருந்து, அதாவது பால் பவுடர் (ball powder), தண்ணீர் மாதிரி இறங்கும், அளப்பது சுலபம். ஆனால் மருந்தை மாற்றினால் துப்பாக்கியின் குணமே மாறும் என்பதற்கு அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைபிளை விடப் பெரிய பாடம் இல்லை. 1960-களில் ஐஎம்ஆர் குச்சி மருந்துக்கென்று உருவான அந்த ரைபிளுக்கு ராணுவம் உருண்டை மருந்து நிரப்பிய தோட்டாவைக் கொடுத்தது. சுடும் வேகம் எகிறியது, உள்ளே கரி படிந்தது, வியட்நாமில் சண்டைக்கு நடுவே துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. சிப்பாய்கள் செத்தார்கள். 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது இந்த மருந்து மாற்றத்தையும் முக்கியக் காரணமாகச் சொன்னது. உருண்டை மருந்து மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று வடிவமைத்த இடத்தில் அது அருமையாக வேலை செய்யும்.

இந்த விஷயத்தில் எனக்கு இத்தனை பிடிப்பு எங்கிருந்து வந்தது என்றால், நான் குன்னூர்க்காரன். 1903-ல் தொடங்கிய அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி பக்கத்தில்தான். கார்டைட் என்பது பழைய வகைப் புகையில்லா மருந்து. எங்கள் பெரியப்பா அங்கே வேலை பார்த்தவர். அந்தக் காலப் பிரிட்டிஷ் .303 ரைபிள் தோட்டாவில் கார்டைட் தூளாக இருக்காது, இடியாப்ப இழை மாதிரி நீள நீளமாக இருக்கும், இழைக்கட்டை உள்ளே வைத்த பிறகுதான் கூட்டின் கழுத்தைக் குறுக்குவார்கள் என்று பெரியப்பா சொல்லும்போது நம்பவே முடியவில்லை. பிற்பாடு படித்துப் பார்த்தால், அப்படியே உண்மை. பொட்டலத்தில் பெயர் இல்லாத மருந்தை யார் கொடுத்தாலும் தொடாதே என்றும் அவர் சொல்வார். அது இன்றைக்கும் என் பெஞ்சில் சட்டம். பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் பாதி டப்பா மருந்து மலிவாகக் கிடைக்கும். நான் வாங்குவதில்லை. பார்த்த மாத்திரத்தில் மருந்தை அடையாளம் சொல்ல முடியாது, கருப்பு குச்சிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அளவு எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். கேட்காதீர்கள். ஹார்னடி நிறுவனத்தின் ரீலோடிங் கையேட்டில் .30-06க்குப் பொதுவான பக்கம் ஒன்று, கேரண்டுக்கென்று தனிப் பக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்துச் சிறிது சிறிதாக ஏறுங்கள். கேரண்டுக்கு உச்ச அளவு தேவையே இல்லை. குறி நன்றாகச் சேரும் இடம் பெரும்பாலும் அதற்குக் கீழேயே கிடைத்துவிடும். இணையத்தில் உலவும் எரிவேக வரிசைப் பட்டியல் எது வேகம், எது மெது என்று சொல்லும், அவ்வளவுதான். பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அளவும் ஒன்று என்று நினைக்கக் கூடாது.

அப்புறம் பிரைமர். கேரண்டின் ஃபயரிங் பின்னுக்கு (பிரைமரை அடிக்கும் ஊசி) ஸ்பிரிங் கிடையாது, போல்ட் மூடும்போதே பிரைமரை லேசாகத் தொடும். பிரைமர் மென்மையாக இருந்தால் அப்போதே வெடித்துவிடலாம். கடினமான ராணுவ வகைப் பிரைமர், உதாரணத்துக்கு சிசிஐ நிறுவனத்தின் எண் 34, போடுங்கள். பிரைமர் கூட்டின் விளிம்புக்கு உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எடுத்த எடுப்பில் எட்டு பவுண்டு டப்பா வாங்க வேண்டாம். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன், கேரண்டுக்கு ஏறக்குறைய 150 தோட்டா வரும். பழகிப் பார்க்க அது போதும். பிடித்துப்போனால் பெரிய டப்பாவை ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண்ணில் வாங்குங்கள். லாட் மாறினால் குணம் கொஞ்சம் மாறும், மறுபடி கீழிருந்து ஏற வேண்டும். பெஞ்சில் எப்போதும் ஒரே ஒரு டப்பா. வேலை முடிந்ததும் கருவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிட்டு எழுந்திருங்கள். மூடியைத் திறக்கும்போது புளித்த அமில வாடை அடித்தாலோ செம்பழுப்புப் புகை தெரிந்தாலோ அந்த மருந்து கெட்டுப்போய்விட்டது, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அதைத் தோட்டாவில் போடாதீர்கள்.