வேலி போடும் முன்: மாடா, ஆடா, பன்றியா?

வேலி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கம்பி, எத்தனை இழை என்றுதான். அதற்கு முன்பே பதில் தெரிய வேண்டிய கேள்விகள் இரண்டு. வேலிக்கு வரும் விலங்கு அங்கே என்ன செய்யும்? எந்தப் பக்கத்திலிருந்து தள்ளும்?

மாடு சாயும், முதுகு சொறியும், எட்டாத புல்லுக்குக் கழுத்தை நீட்டும். ஆடு ஏறும், இடுக்கில் தலையை விடும். பன்றி மூக்கால் கிளப்பும். நாய் தோண்டும், மான் தாண்டும். ஒன்றுக்குக் கச்சிதமாக அமைந்த வேலி இன்னொன்றுக்கு உதவாது. ஐந்து இழை முள்கம்பிக்குள் மாடு அடங்கி நிற்கும். ஆட்டுக்குட்டி குனிந்து வெளியே போய்விடும்.

எந்தப் பக்கம் என்பது ஏன் முக்கியம்? கம்பி, அழுத்தம் வருகிற பக்கமாக வேலிக்காலில் பதிய வேண்டும். உள்ளே கட்டிவைக்கும் வேலி என்றால் உட்பக்கம், பயிரைக் காக்கும் வேலி என்றால் வெளிப்பக்கம். அப்போது விலங்கு தள்ளத் தள்ளக் கம்பி காலோடு ஒட்டும். மாற்றி அடித்தால் தள்ளுகிற பளு முழுவதும் கட்டுக்கம்பியிலும் ஆணியிலும் விழும். ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வரும்.

கால்களில் காசை மிச்சம் பிடிக்கலாம், மூலைக்காலில் கூடாது. கம்பியின் இழுவை அத்தனையும் அங்கேதான் போய் நிற்கிறது. சாதாரணக் கால் 7 அடி என்றால் 2 அடி மண்ணுக்குள் போகட்டும். மூலைக்கால் 8 அடியாக, 3 அடி ஆழத்தில், சுற்றிக் கான்கிரீட் போட்டு நிற்கட்டும். அதற்கு வேலி போகும் இரண்டு திசையிலும் சாய்வாகத் தாங்கும் முட்டுக்கால் ஒவ்வொன்று வேண்டும். பலர் தவறுவது இந்த முட்டில்தான். அதைக் குட்டையாக, செங்குத்தாக வைத்துவிட்டால் கம்பி இழுக்கும்போது நெம்புகோல் மாதிரி மூலைக்காலையே மேலே தூக்கிவிடும். மேல்முனை காலின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்திலும், கீழ்முனை 6 முதல் 8 அடி தள்ளி மண்ணுக்குள் ஒரு கல்லின் மேலும் இருக்கட்டும். நீண்ட நேர்க்கோட்டில் 150 அடிக்கு ஒரு காலுக்கு இருபுறமும் இப்படி முட்டு கொடுங்கள். கான்கிரீட் ஒரு வாரமாவது இறுகாமல் கம்பியை இழுக்காதீர்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு. சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி. 10 அடிக்கு ஒரு கால் என்றால் 84 கால். ஐந்து இழைக்கு ஏறக்குறைய 1,270 மீட்டர் கம்பி, முடிச்சுக்கும் சேதத்துக்கும் 5 சதவீதம் கூட. அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளமாகக் கிடந்தால் சுற்றளவு 1,070 அடியைத் தாண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று யாராவது மொத்தமாக விலை சொன்னால் முதலில் டேப்பை எடுங்கள். கம்பியின் கேஜ் எண் கூடக்கூடக் கனம் குறையும் என்பதும் நினைவில் இருக்கட்டும்: 12 கேஜ், 14 கேஜைவிடத் தடிமன்.

மாட்டுக்கு முதல் இழை தரையிலிருந்து 1 அடி, பிறகு 10 அங்குலத்துக்கு ஒன்று. குதிரைக்கு முள்கம்பி வேண்டவே வேண்டாம். மிரண்டு ஓடும் குதிரை கம்பியைக் கவனிப்பதில்லை, தோல் கிழிந்துவிடும். ஆட்டுக்கு முடிச்சு வலைதான். அதிலும் கண் 6 அங்குலச் சதுரமாக இருந்தால் கொம்புள்ள ஆடு தலையை உள்ளே விட்டு, திரும்ப எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். 4 அங்குலக் கண் நல்லது. கண் கீழே நெருக்கமாக, மேலே அகலமாக வரும் வலையைத் தலைகீழாகக் கட்டிவிடாதீர்கள். அந்தக் கூத்தும் நடக்கிறது. நாய் தோண்டும் இடத்தில் 2 அடி அகல வலையை வெளிப்பக்கம் தரையோடு படுக்க வைத்து, வேலியின் அடியோடு கட்டி, மேலே மண் போடுங்கள். நாய் வேலியின் அடியில்தான் தோண்டத் தொடங்கும். இரண்டு அடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. கோழிக்கூட்டுக்கு விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். கீரி வராமலிருக்க அரை அங்குலச் சதுரக் கண் வேண்டும்.

பன்றிக்கு மின்வேலியைப் போல வேறில்லை. தரையிலிருந்து 8 அங்குலத்தில் ஒரு கம்பி, 16 அங்குலத்தில் ஒன்று, மூக்கு படும் உயரம். மின்வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் கருவியான எனர்ஜைசர் ஏறக்குறைய நொடிக்கொரு முறை, மிகக் குறுகிய துடிப்பாக மின்சாரத்தை அனுப்புவதால்தான் விலங்கு சுண்டப்பட்டு விலகுகிறது. வீட்டு லைனை நேரே கம்பியில் கொடுப்பது வேலியல்ல, கொலை. முள்கம்பியிலும் மின்சாரம் கூடாது: மாட்டிக்கொண்ட உயிர் விடுபட முடியாமல் அடி மேல் அடி வாங்கும்.

மின்வேலி வேலை செய்யவில்லை என்றால் எனர்ஜைசரைக் குறை சொல்லும் முன் எர்த்தைப் பாருங்கள். துத்தநாகம் பூசிய 6 அடி ராடு மூன்று, 10 அடி இடைவெளியில் அடிக்க வேண்டும். வீட்டு எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி. துத்தநாகம் பூசிய கம்பியோடு செம்புக் கம்பியை முறுக்காதீர்கள், இணைப்பு அரித்துவிடும். சோதனை எளிது. எனர்ஜைசரை நிறுத்திவிட்டு, 100 மீட்டருக்கு அப்பால் இரும்புக் கம்பிகளை வேலிமேல் சாய்த்துத் தரையில் ஊன்றுங்கள். மறுபடி ஓடவிட்டால் வேலியின் மின்னழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும்; இறங்காவிட்டால் இன்னும் சில கம்பிகளைச் சாய்க்கலாம். இப்போது மின்வேலி மீட்டரின் ஒரு முனையை எர்த் ராடிலும், மற்றதை ஒரு மீட்டர் தள்ளி மண்ணிலும் வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை, இன்னும் ராடு அடியுங்கள். மண் காய்ந்து கிடக்கும் கோடையில் மேலே நின்று தொடும் விலங்கு வழியாகச் சுற்று முழுமையாகாது. அங்கே ஓர் இழை மின்சாரம், அடுத்த இழை எர்த் என்று மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் வழி.

வேலியின் கடைசி முனையில் 4,000 வோல்ட் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். குறைந்தால் பெரும்பாலும் கம்பியைத் தொடும் புல்லோ, விரிசல் விட்ட இன்சுலேட்டரோதான். இருட்டிய பிறகு நடந்தால் 'டிக் டிக்' என்ற சத்தமும் பொறியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கேட்டில் இரண்டே விஷயம். மேல் கீல் கொண்டியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் மாடு கொம்பால் தூக்கிக் கழற்ற முடியாது. கேட்டுக்கடியில் சக்கரத் தடம் பள்ளமானதும் கல் பாவி நிரப்புங்கள். பன்றியும் நாயும் முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான்.

ஓடை குறுக்கே வந்தால் வேலியை அதன்மேல் இழுத்துக் கட்டாதீர்கள். வெள்ளத்தில் வரும் சருகும் கிளையும் கம்பியில் அடைந்து, இருபுறமும் பல கால்களைச் சாய்த்துவிடும். மேலே தனிக்கம்பி ஒன்று கட்டி, அதிலிருந்து தடுப்பைத் தொங்கவிடுங்கள். வெள்ளம் வந்தால் அது விலகிக் கொடுக்கும். அறுந்து போனாலும் போவது அந்தத் தடுப்பு மட்டும். மழை விட்டதும் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்த்து மாட்டிவிடலாம்.