எங்கள் கைகளின் கிரியை

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியின் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக 1824ஆம் ஆண்டிலும், அந்த ஆண்டில் விடுதிப் பள்ளியை ஆரம்பித்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரிடமும் தொடங்குவார்கள். எழுபதுகளில் விடுதி மாணவியாக இருந்த நானும் அப்படியே கேட்டு வளர்ந்தேன். ஆயினும் இந்த மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி பழைய மாணவிகள் சங்கத்தார் கேட்டபோது என் நினைவுக்கு முதலில் வந்தவர்கள் வேறு இருவர். ஒருவர், வின்ஸ்லோ அம்மையாருக்குப் பின் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பள்ளியை நடத்திய எலைசா அக்னியூ அம்மையார். மற்றவர், வரலாற்றில் எங்கும் இடம்பெறாத, எங்கள் விடுதிக் களஞ்சியத்தைப் பார்த்துவந்த அக்கா. தம் நாட்கள் எண்ணப்பட்டவை என்று அறிந்த ஒரு விசுவாசி இன்றைய வேலையை எந்த மனதோடு செய்ய வேண்டும் என்பதை இவ்விருவரிடமும் நான் கண்டேன்.

அக்னியூ அம்மையார் 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். மிஷனரியாகப் போக வேண்டும் என்ற எண்ணம் சிறுமியாக இருந்தபோதே அவருக்கு உண்டாகிவிட்டது. ஆனால் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை இருந்ததால், அவர்கள் உயிரோடிருந்தவரை வீட்டிலேயே இருந்து, அவர்களை அடக்கம் செய்த பின்னரே, 1839இல், தமது முப்பத்திரண்டாவது வயதில் கப்பலேறினார். மறு ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கப்பலேறிய பின் நடந்தவற்றையே விரித்துச் சொல்வார்கள். எனக்கோ அந்தக் காத்திருந்த ஆண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. உள்ளத்தில் ஓர் அழைப்பு இருக்க, முதியோருக்குச் சோறு கொடுத்து, மருந்து கொடுத்து, இதுவும் ஆண்டவர் தந்த வேலைதான் என்று ஒரு பெண் இருந்திருக்கிறார். அந்த ஆண்டுகளைப் பற்றி அறிக்கை எதுவும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் அவருக்கு இருந்திருக்காது. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் படுக்கையில் கிடக்கும் தாய் தகப்பனைப் பார்ப்பதற்காகப் பதவி உயர்வையும் பயணங்களையும் ஒதுக்கிவைத்திருக்கும் நம் பழைய மாணவிகள் பலரை எனக்குத் தெரியும். உடுவிலின் மிகச் சிறந்த அதிபர்களில் ஒருவர் தம் இளமையை அவ்விதமாகவே செலவிட்டார் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் வந்தபின் அவர் தாயகத்துக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. அக்காலத்து மிஷனரிமாரில் இடையே ஓய்வுக்குத் தாயகம் போய்வந்தவர்கள் உண்டு. அவரோ பள்ளி விடுமுறைகளில், மணமாகிப் போன தம் மாணவிகளைக் காணக் கிராமம் கிராமமாகப் போனார். தாய் படித்தாள், மகள் படித்தாள், பேத்தியும் அவரிடமே படித்தாள். அவர் கையில் வளர்ந்த பெண்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 1879இல் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மானிப்பாயில் தங்கியிருந்து, 1883இல் அங்கேயே காலமானார். “நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்” என்று பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியருக்கு எழுதியதை நாங்கள் வேதபாட வகுப்பில் மனப்பாடம் செய்தோம். கற்றுக்கொள்ள எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதை அக்னியூ அம்மையாரின் வாழ்க்கையைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

வின்ஸ்லோ அம்மையாருக்கு அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளைகளில் சிலரைத் தமக்கு முன்னே பறிகொடுத்த அவர், 1833இல், முப்பத்தாறு வயதில், உடுவிலிலேயே மரித்தார். பள்ளிக்காக அவருக்குக் கிடைத்தவை ஒன்பது ஆண்டுகள் மாத்திரமே. ஒருவருக்கு ஒன்பது, மற்றவருக்கு நாற்பது. ஆயினும் இருவரில் எவருடைய வேலை முழுமையானது என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவரவருக்கு அளக்கப்பட்ட நாட்களில் அவரவர் முன்னிருந்த வேலையை அவரவர் செய்தார்கள்.

களஞ்சியத்து அக்கா இவர்களைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்தியவர் அல்லர். அதிகாலையில் எழுந்து அரிசியைக் கொத்தால் அளந்து கொடுப்பார். கல் பொறுக்குபவர்களோடு தாமும் உட்காருவார். வெள்ளிக்கிழமைகளில் சைவப் பிள்ளைகளுக்கென்று வேறு பானையில், வேறு அகப்பையோடு சமைப்பதில் ஒரு நாளும் தவறியதில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் எங்களை நம்பி விட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். அவருக்கு இதய வருத்தம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை, அதைச் சொல்லி வேலையைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு மாலையும் ஜெபத்துக்கு மணி அடிக்குமுன் அன்றைய வரவு செலவை எழுதி முடித்துக் கோடு கீறிவிடுவார். எந்தத் திறப்பு எந்தப் பெட்டிக்குரியது, எந்தக் கடைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் தம் உதவிக்கிருந்த இளம் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தும் வைத்திருந்தார். “ஏன் அக்கா இவ்வளவு அவசரம்?” என்று ஒருமுறை கேட்டேன். “பிள்ளை, நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் உங்களுக்குப் பசிக்கும் தானே” என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் துக்கம் இருக்கவில்லை.

ஒரு விடுமுறையில் அவர் காலமானார். தவணை தொடங்கி நாங்கள் திரும்பி வந்தபோது முதல் நாள் காலைச் சாப்பாடு உரிய நேரத்துக்கு மேசையில் இருந்தது. வெள்ளிக்கிழமை வேறு பானையும் அடுப்பில் ஏறியது.

நான் பின்னாளில் இந்த நாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்தேன். மரணத்தை அடுத்திருப்பவர்களை நாள்தோறும் பார்த்த வேலை அது. பொருள் சேர்த்தவர்களும் சேர்க்காதவர்களும் அங்கே ஒரே அளவுள்ள கட்டிலில்தான் படுத்திருந்தார்கள். “உலகத்திலே நாம் ஒன்றும் கொண்டுவந்ததுமில்லை, இதிலிருந்து நாம் ஒன்றும் கொண்டுபோவதுமில்லை” என்ற வசனத்தை அங்கே எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரவு வேலை முடிந்து போகுமுன் ஒவ்வொருவருடைய குறிப்பையும் முழுமையாக எழுதி, அடுத்து வருபவரிடம் வாயாலும் சொல்லிவிட்டே புறப்படுவேன். அது களஞ்சியத்து அக்காவிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். விசுவாசத்தை நாங்கள் உடுவில் தேவாலயத்தில் பாடினோம். அதை எப்படி ஒரு நாள் வேலைக்குள் வைப்பது என்பதை நான் களஞ்சிய வாசலில் கண்டேன்.

இங்கே எங்கள் சங்கத்தின் வருடாந்த ஆராதனையில், அந்த ஆண்டில் மரித்த பழைய மாணவிகளை நினைத்து 90ஆம் சங்கீதத்தை வாசிக்கிறோம். “எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்” என்ற 12ஆம் வசனத்தோடு வாசிப்பை நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நாட்களை எண்ணிய அந்த ஜெபம் அங்கே முடியவில்லை. “எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தியருளும்” என்று 17ஆம் வசனத்தில்தான் முடிகிறது. ஆயுள் குறுகியது என்று அழுதவர்கள், ஆயுளை நீட்டித் தரும்படி கேட்காமல், செய்த வேலை நிலைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வருகிற ஆராதனையில் சங்கீதத்தை இறுதிவரை வாசிக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மரித்தவர்களின் பட்டியலில் ஆசிரியைகளோடும் மாணவிகளோடும் விடுதியில் சமைத்தவர்கள், கூட்டியவர்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் ஆகியோரின் பெயர்களையும் சேர்க்க வேண்டும். நினைவிலுள்ள பெயர்களைப் பழைய மாணவிகள் எழுதி அனுப்பினால், அவற்றை ஒழுங்குபடுத்தித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.