மலைக்கோட்டையில் மாடு மீட்பு: மூன்று செஷன், மூன்று திருத்தம்

கிருஷ்ணகிரி மலையில் கீழ்க்கோட்டை, மேல்கோட்டை என்று இரண்டு அடுக்கு. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை ராத்திரியோடு ராத்திரியாகக் கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டது. மேல்கோட்டை கைக்கு எட்டவில்லை. மேலே இருந்த திப்புவின் ஆட்கள் பாறைகளை உருட்டிவிட்டே ஏணியோடு ஏறியவர்களைத் தடுத்துவிட்டார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டில் ஒரு மலைக்கோட்டையை மேசைக்குக் கொண்டுவருபவர்கள் இதை மறக்கக் கூடாது. முதல் எதிரி படிக்கட்டு. கோப்ளின் (குள்ள அரக்கன்) எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஆட்டம் இதுதான்: ஊர் மாடு பன்னிரண்டைக் கோப்ளின்கள் ஓட்டிப்போய் மலைமேல் அடைத்துவிட்டன, நாலு பேர் ஏறி மீட்டு வர வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுகற்கள் பலவற்றில் இருப்பதும் இதே கதை: தொறு மீட்டுப் பட்டவன் கல், அதாவது மாட்டு மந்தையை மீட்டு இறந்தவன் கல். ஒரு டிராகனைத் தேடிப் போவதை விட, மாட்டைத் தேடிப் போவது என்றால் இங்கே மேசையில் உட்காருபவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

விதிகள் ஐந்தாம் பதிப்பு, 2014 வடிவம். அதன் இலவச விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. விளையாட அதுவே போதும். எல்லாரும் முதல் லெவல். ஃபைட்டர் (வீரர்) 12, கிளெரிக் (பூசாரி) 10, ரோக் (பதுங்கி அடிப்பவர்) 9, விசார்ட் (மந்திரவாதி) 7 என்று மொத்தம் 38 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). இந்த 38 என்ற எண்ணை ஓரமாகக் குறித்து வையுங்கள்.

மேப்புக்கு 22×28 அங்குல சார்ட் பேப்பர், அதில் ஓரங்குலக் கட்டம். ஒரு கட்டம் 5 அடி. உயரத்துக்கு ஓரங்குல தெர்மாகோல். ஒரு அட்டை 5 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் விழுகிற கணக்கு சுலபம்: 10 அடிக்கு ஒரு டி6 (ஆறு முகப் பகடை; டி4, டி10, டி20 என்பவையும் இப்படித்தான்), அதாவது இரண்டு அட்டைக்கு ஒரு பகடை. தெர்மாகோல் மேல் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் உருகிக் குழி விழுந்துவிடும். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, செய்தித்தாள் துண்டுகளை ஒட்டி ஒரு நாள் காயவைத்த பிறகு போஸ்டர் கலர் பூசுங்கள். மாட்டுக்குப் புளியங்கொட்டை, கோப்ளினுக்குச் சோழி. டி4 இல்லையென்றால் ஒற்றைத் தாயக்கட்டை போதும், வெற்று முகத்தை 4 என்று கொள்ளலாம். டி20 இல்லாமல் 1 முதல் 20 வரை சீட்டு எழுதிச் சொம்பில் போட்டு எடுப்பவர்கள், எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். போடாவிட்டால் அடுத்த வீச்சின் வாய்ப்பே மாறிவிடும்.

முதல் செஷன்

80 அடி நேர்ப் படிக்கட்டு, உச்சியில் கைப்பிடிச் சுவர், சுவருக்குப் பின்னால் மூன்று கோப்ளின். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டுக் கணக்கில் இது 150 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), மூன்று எதிரி என்பதால் இரண்டால் பெருக்கி 300. நாலு பேருக்கு 'கடினம்' என்ற அளவைச் சரியாகத் தொடுகிறது. தாளில் பார்த்தால் ஆடக்கூடியதுதான்.

மேசையில் நடந்தது வேறு. செங்குத்துப் படி கடினத் தரை, வேகம் பாதியாகும். 30 அடி நடப்பவர் ஒரு ரவுண்டில் 15 அடிதான் ஏறுவார், 80 அடிக்கு ஆறு ரவுண்ட். கோப்ளினின் குறுவில்லுக்கு +4, அடி 1டி6+2, சராசரி 5.5. ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 16 உள்ளவர் மேல் 45 சதவீதம் படும். மூன்று கோப்ளின் ஆறு ரவுண்ட் எய்தால் எதிர்பார்க்கும் சேதம் 44க்கு மேல். குழுவின் மொத்த உயிரே 38. எய்துவிட்டு போனஸ் ஆக்‌ஷனில் சுவருக்குப் பின் ஒளிந்துகொண்டால் அடுத்த அம்பு அட்வான்டேஜில் (இரண்டு பகடையில் பெரியது) வரும், 45 சதவீதம் 70 ஆகிவிடும். அந்தக் கணக்கு மேலே சேரவேயில்லை.

கீழிருந்து திருப்பி அடிப்பது இன்னும் மோசம். சுவர் முக்கால் மறைப்பு, +5. கோப்ளினின் ஏசி 15 இங்கே 20. ரோக்கின் +5 வில்லுக்கு 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 30 சதவீதம். இருட்டில் கண் தெரியாத மனிதர் என்றால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் சிறியது) சேர்ந்து 9 சதவீதம்.

பாறை உருட்டலுக்கு எஸ்ஆர்டியின் பொறி அட்டவணையில் 'ஆபத்தானது' வரிசையை எடுத்ததுதான் பெரிய தவறு: 2டி10. 7 ஹிட் பாயின்ட் விசார்டை இது 85 சதவீதம் கீழே சாய்க்கும். அது மட்டுமா, மீதிச் சேதம் முழு ஹிட் பாயின்ட்டுக்குச் சமமானால் அந்த இடத்திலேயே மரணம். அதற்கு 14 விழுந்தால் போதும், வாய்ப்பு 28 சதவீதம். பகடையில் 16 விழுந்தது. டெத் சேவ் (சாவிலிருந்து தப்பப் போடும் பகடை) போடக்கூட வழியில்லாமல் விசார்ட் இரண்டாம் ரவுண்டிலேயே போனது.

இரண்டாம் செஷன்

மறைப்பு எதிரிக்கு மட்டும் இருந்தால் சிரமத்தை ஒரு படி ஏற்றிக் கணக்கிடச் சொல்கிறது கையேடு. அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போவதுதான் வழக்கம். மலைக்கோட்டையில் தாண்டவே கூடாது. சுவர் மேல் இரண்டு கோப்ளின் மட்டும்: 100 எக்ஸ்பி, ஒன்றரையால் பெருக்கி 150. அது 'எளிது'. ஒரு படி ஏற்றினால் 'நடுத்தரம்'. அதுவே சரி.

படிக்கட்டை நேராக விடாமல் ஒவ்வொரு 20 அடிக்கும் பாறையை ஒட்டி வளைத்தோம். வளைவில் நிற்பவரை மேலிருந்து பார்க்கவே முடியாது, வளைவுக்கு இடையில் ஓரப் பாறை அரை மறைப்பு தரும். +2 சேர்ந்தால் கோப்ளினின் 45 சதவீதம் 35 ஆகிறது. உருட்டும் பாறை 1டி10, டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்பப் போடும் பகடை) 11. விசார்டுக்கு அடி பட்டாலும் விழ 40 சதவீதம்தான், ஒரே அடியில் சாக வழியே இல்லை. உயரத்தில் நிற்பவருக்குத் தனி போனஸ் எதுவும் கொடுக்காதீர்கள். விதியிலும் இல்லை, மறைப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

சிக்கல் இப்போது வெளிச்சத்தில். பந்தம் 20 அடி நல்ல வெளிச்சம், அடுத்த 20 அடி மங்கல். அதைப் பிடித்திருப்பவர் மலையடிவாரத்திலிருந்தே தெரிவார். அணைத்துவிட்டால் மனிதர்களுக்குப் படியே தெரியாது. கோப்ளினுக்கோ 60 அடிக்கு டார்க்விஷன் (இருட்டிலும் தெரியும் பார்வை). அமாவாசையில் இதை ஆடினால் ரோக் மட்டும் தனியாக ஏற, மற்ற மூன்று பேர் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்படித்தான் ஆயிற்று. பௌர்ணமிக்கு மாற்றுங்கள். நல்ல நிலவை மங்கல் வெளிச்சமாகக் கொள்ள விதியே இடம் தருகிறது. 60 அடிக்கு அப்பால் கோப்ளினின் பாசிவ் பெர்செப்ஷன் (தேடாமலே கவனிக்கும் திறன்) 9, மங்கலில் ஐந்து குறைந்து 4. ஸ்டெல்த்தை (பதுங்கும் திறனுக்கான பகடை) ஆளுக்காள் தனியாகப் போடாமல் குழுவாகப் போட வைத்தால், பாதிப் பேர் தேறினால் எல்லாரும் தேறினார்கள். செயின் மெயில் போட்ட ஃபைட்டரும் கூடவே ஏறிவிடலாம்.

இதே செஷனில் கோப்ளினைக் குட்டிச்சாத்தான் என்று பெயர் மாற்றிப் பார்த்தோம். ஒளிந்து ஒளிந்து அடிப்பதற்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் மேசையில் உடனே மந்திரம் போட்டுக் கட்டலாமா என்ற கேள்வி வந்தது, கிளெரிக்கிடம் அதற்கு ஒன்றும் இல்லை; டர்ன் அன்டெட் (நடமாடும் பிணங்களை விரட்டும் சக்தி) கிடைப்பதே இரண்டாம் லெவலில், அதுவும் கோப்ளின் மேல் பலிக்காது. பெயர் ஒரு வாக்குறுதி கொடுத்து விதி அதைக் காப்பாற்றாவிட்டால் ஆடுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். திரும்பவும் கோப்ளினே.

மூன்றாம் செஷன்

ஏறியாயிற்று. பட்டியில் பன்னிரண்டு மாடு. எஸ்ஆர்டி விலங்குப் பட்டியலில் யானை இருக்கிறது, மாடு இல்லை. டிராஃப்ட் ஹார்ஸை எடுத்தால் உதை 2டி4+4, சராசரி 9. ரோக்கின் முழு உயிர். கோவேறு கழுதையை எடுங்கள்: ஏசி 10, ஹிட் பாயின்ட் 11, உதை 1டி4+2, கால் இடறாத தன்மையும் உண்டு. மலையேறிப் பழகிய ஆலம்பாடி மாட்டுக்கு அது ஒத்துப்போகிறது.

பன்னிரண்டையும் தனித்தனியாக நகர்த்தினால் ஒரு ரவுண்டே கால் மணி நேரம் இழுக்கும். நாலு நாலாக மூன்று கூட்டம். ஒரு கூட்டத்துக்கு ஒருவர் அனிமல் ஹேண்ட்லிங் (விலங்கைக் கையாளும் திறன்) 10 போட வேண்டும். தவறினால் அந்தக் கூட்டம் மிரண்டு படியில் 40 அடி கீழே ஓடும், வழியில் நிற்பவருக்கு டெக்ஸ்டெரிட்டி சேவ் 10. ஐந்துக்கு மேல் தவறினால் ஒரு புளியங்கொட்டை மேப்பை விட்டுப் போகும்.

எக்ஸ்பியை மாட்டுக்குக் கொடுங்கள், ஒன்றுக்கு 25. கோப்ளினைக் கொன்றால்தான் எக்ஸ்பி என்று இருந்தவரை யாரும் பட்டிப் பக்கம் திரும்பவேயில்லை. மாற்றியதும் ஃபைட்டர் வாளை உறையில் போட்டுவிட்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். பத்து மாடு இறங்கின. 250, ஆளுக்கு 62.

விசார்ட் விழுந்த கட்டத்தில் ஒரு கருங்கல் சில்லு நட்டிருக்கிறோம், இரண்டாம் செஷனிலிருந்து அது மேப்பிலேயே இருக்கிறது. அதைத் தாண்டும்போது நின்று, பெயரைச் சொல்லி, 'தொறு மீட்டுப் பட்டான் கல்' என்று முதலில் வாசிப்பவருக்கு ஒரு இன்ஸ்பிரேஷன் (ஒரு வீச்சுக்கு அட்வான்டேஜ்), செஷனுக்கு ஒரு முறை. மூன்றாம் செஷனில் அதை ரோக் எடுத்து, மிரண்ட கடைசிக் கூட்டத்தை நிறுத்தச் செலவழித்தது. முதல் பகடை 4, இரண்டாவது 17.