கோதுமை வயலுக்குள் ஒரு மீட்டர்

முன்னால் போனவர் நேராகக் கோதுமை வயலுக்குள் இறங்கிவிட்டார். எனக்குத் திக்கென்றது. கதிர் பழுத்து, அறுப்புக்குக் காத்து நின்ற பயிர். வயல்காரர் கம்போடு வருவார் என்று நான் விளிம்பிலேயே நின்றுவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த அம்மாள், எழுபது வயதுக்குக் குறையாது, "போங்க, இது பாதைதான்" என்றார்.

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. லண்டனிலிருந்து ரயிலில் வந்து, சசெக்ஸில் ஹாசக்ஸ் என்ற நிலையத்தில் இறங்கி, சவுத் டவுன்ஸ் மேடுகளில் ஏறி, டிச்லிங் பீக்கன் என்ற உச்சி வரை நடப்பதாகத் திட்டம். அலுவலகத் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். எதற்கு நடக்கிறோம் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. நமக்கு நடப்பதென்றால் பழனிக்கு வேண்டுதல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை நோய் இருக்க வேண்டும்.

கூட்டத்தில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். ஆளுக்கொரு கைத்தடி, கணுக்கால் மூடிய பூட்ஸ், பிளாஸ்க்கில் தேநீர். மேட்டில் என்னைத் தாண்டிப் போனவர்களில் இருவருக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்திருக்கிறது. அதையும் அவர்களே சொல்லிக்கொண்டு தாண்டினார்கள். மற்றபடி நாய், வானிலை, மறுபடி நாய். எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, வாடகை எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கே யாரையாவது கேட்க வேண்டும்போல் வாய் அரித்தது.

சரி, பாதைக்கு வருகிறேன். வழி காட்டியவர் ஆரஞ்சு அட்டை போட்ட ஆர்ட்னன்ஸ் சர்வே, அதாவது அரசு நில அளவைக்காரர்களின் வரைபடத்தைப் பிரித்துக் காட்டினார். பச்சைக் கோடுகள் துண்டு துண்டாக வயலைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. நிலம் தனியாருடையது, நடக்கும் உரிமை எல்லாருடையது. குறுக்கே போகும் பாதையை வயல்காரர் உழுதுகொள்ளலாம். ஆனால் 14 நாளுக்குள் பழையபடி நடக்கத் தோதாக்க வேண்டும், அகலம் குறைந்தது ஒரு மீட்டர். வயலோரம் போகும் பாதையில் ஏர் படவே கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கிறதாம். கிளேட்டன் மேட்டில் ஜாக், ஜில் என்று இரண்டு காற்றாலைகள். ஜில் 1821-இல் பிரைட்டனில் கட்டியது, அப்புறம் மாடு பூட்டி மேட்டுக்கு இழுத்து வந்தார்களாம். எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் வழி காட்டியவரிடம் பாதையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் தாத்தா வண்டிப்பாதைக்காக வழக்காடியவர். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். பங்காளி ஒருவர் ஒரு ராத்திரியில் பாதையை வெட்டி வரப்பைச் சுருக்கிவிட்டார். மாட்டுவண்டி போக வேண்டிய இடத்தில் ஆடு போவதே கஷ்டம். வாய்தா, வக்கீல் குமாஸ்தா, பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் தோசை. வாய்தா நாள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம், திரும்பும்போது அல்வா வரும். தாத்தா போன பிறகு வழக்கு அப்பாவுக்கு வந்தது. கடைசியில் நிலத்தையே விற்றார்கள். வாங்கியவர் அந்தப் பங்காளியின் மருமகன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஐப்பசி அடைமழையில் தெற்குத் தெருக்காரர்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் போவார்கள். வரப்பு வழியாகச் சுடுகாட்டுக்குப் போனால் பாதி தூரம்தான். வரப்பில் விடமாட்டார்கள். அந்த வரப்புகளில் எங்களுடையதும் ஒன்று. பாதைக்காகக் கோர்ட் ஏறிய தாத்தாவுக்கு அது வழக்காகத் தோன்றியதே இல்லை.

வெள்ளைக்காரர்களும் இந்த நடக்கும் உரிமையைப் பெருந்தன்மையால் கொடுத்துவிடவில்லை. 1932 ஏப்ரலில் வடக்கே கிண்டர் ஸ்கௌட் மலையில், பணக்காரர்கள் பறவை வேட்டைக்கென்று வளைத்து வைத்திருந்த நிலத்துக்குள், மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் கூட்டமாக நுழைந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஊர் ஊராகப் பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்றச் சட்டம் வந்தது 1949-இல்தான்.

டிச்லிங் பீக்கன் 248 மீட்டர். நம் கொல்லிமலையைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஏறி நின்றால் தெற்கே கடல், வடக்கே கண்ணுக்கெட்டிய வரை வயலும் வேலியும். வானம்பாடி தலைக்கு மேல் விடாமல் கத்துகிறது. ஐஸ்கிரீம் வண்டிகூட நிற்கிறது. புல்லில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு, இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று தோழியிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லும்போதே கண் கீழே வயல்களில் மடை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. மழையை நம்பிய வெள்ளாமையில் மடை எங்கிருந்து வரும்?

ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டுப் பதினான்கு நாள் சட்டத்தைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். உழவு எத்தனை சால், கோதுமை மூட்டை என்ன விலை என்று விசாரித்தார். கடைசியில், "அதெல்லாம் சரிம்மா, அந்த ஒரு மீட்டருக்குக் கிஸ்தி யார் கட்டுறது?" என்றார்.