சூடானால் உறுமும் சப்வூஃபர்

எங்கள் வீட்டுச் சப்வூஃபர் (அடி ஒலிக்கான, ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) போட்டவுடன் ஒழுங்காகத்தான் பாடும். அரை மணி நேரம் போனால் அடியில் ஓர் உறுமல் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் பாட்டையே விழுங்கிவிடும். அணைத்து ஆறவிட்டால் மறுபடியும் சமர்த்து. சர்வீஸ் சென்டரில் மூடியைக்கூடக் கழற்றாமல், "போர்டு போய்விட்டது சார், மொத்தமாக மாற்ற வேண்டும். இந்த மாடலுக்கு இப்போது போர்டு வருவதில்லை" என்றார்கள். சூடேறினால் மட்டும் தலைகாட்டும் கோளாறுக்கு முழுப் போர்டையும் பலியிடுவதாவது!

உறுமிக்கொண்டிருக்கும்போதே, பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை உருவிப் பார்த்தேன். நிற்கவில்லை. நின்றிருந்தால் செட்டாப் பாக்ஸ் பக்கம் எர்த் லூப் (இரு கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கிடையே சுற்றி ஓடி உறுமும் மின்சாரம்) தேடியிருக்கலாம். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி அளந்தால் 3.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரிதான். கூம்பை மெல்ல அழுத்தினால் உரசலும் இல்லை. மீதி ஆம்ப்ளிஃபயர்தான்.

பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்யும் வீரர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வீரம் வேண்டாம். 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக வடித்து, மீட்டர் 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே கை வைத்தேன்.

போர்டின் ஒரு மூலை மட்டும் கருகியிருந்தது. முன்பகுதி ஐசிகளுக்குக் கூட்டல் 15, கழித்தல் 15 வோல்ட் வேண்டும். அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல், 45 வோல்ட் லைனிலிருந்தே இரண்டு 5 வாட் ரெசிஸ்டர்களும், வோல்ட்டை ஓர் அளவில் பிடித்து நிறுத்தும் ஜீனர் டயோடுகளும் வைத்து இறக்கியிருந்தார்கள். மீதி வோல்ட் எல்லாம் சூடாகத்தானே போக வேண்டும்? அந்த அடுப்பை ஒட்டியே இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள். அதிர்வில் ஆடாமலிருக்க ஊற்றிய பசை வெந்து கரும்பழுப்பாகிக் கால்களைச் சுற்றி இறுகியிருந்தது. இந்தப் பசை முற்றினால் மின்சாரத்தைக் கசியவிடும், கால்களையும் அரிக்கும். லென்ஸில் பார்த்தால் ஒரு ரெசிஸ்டரின் காலைச் சுற்றி ஈயத்தில் வளையமாக ஒரு மயிரிழை விரிசல்.

சந்தேகத்தை உறுதிசெய்ய, மின்சாரம் எல்லை மீறாமலிருக்க லைனில் தொடராக ஒரு பல்பு (சீரிஸ் பல்பு) போட்டு மின்சாரம் கொடுத்தேன். மீட்டரின் கருப்பு முனையைக் கிரவுண்டில் கிளிப்பால் கவ்வவிட்டு, ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியே பாயாமலிருக்க ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அளந்தேன். இரண்டு பக்கமும் 15. ஹேர் டிரையரை அந்த மூலைக்குக் காட்டினேன். கூட்டல் பக்கம் அசையவில்லை. கழித்தல் பக்கம் 11, 8, 6 என்று சரிந்தது. உறுமலின் வேர் இங்கேதான்.

சென்னை ரிட்சி தெருவில் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கேட்டதும் கடைக்காரர், "85-ஆ, 105-ஆ?" என்றார். எத்தனை டிகிரி சூடு தாங்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். இந்த இடத்துக்கு 105 தவிர வேறு எதுவும் தாங்காது. வோல்ட் 25 போதும்.

பசையைச் சுரண்டுவதுதான் உண்மையான வேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் துளித்துளியாக எடுத்தேன். கத்தி பட்டால் செம்புத் தடமும் சேர்ந்து வந்துவிடும். கெபாசிட்டர்களையும் ஜீனர்களையும் மாற்றினேன். ரெசிஸ்டர்களைப் போர்டிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கி, புது ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்.

மூடுவதற்கு முன் ஒரு முழுப் படம் ஓடவிட்டு, நடுநடுவே அளந்தேன். இரண்டு பக்கமும் 15-ஐ விட்டு நகரவில்லை. வாங்கிய சாமான்களுக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.